இரண்டாம் மிதவை மரியாதை

எந்தச் சங்கத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். தலைவர் மாறுவார், செயலாளர் மாறுவார், கூரைத் தகடு மாறும், கழிப்பறைக் கதவுகூட என்றாவது ஒருநாள் மாறும். ஒருவர் மட்டும் மாறமாட்டார். அவருக்குப் பதவி எதுவும் இருக்காது. இருந்தால் காலம் முடிந்ததும் கைகுலுக்கி வழியனுப்பிவிடலாமே. அவர் வழக்கத்தின் காவலர்.

அவரைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. புதிதாக வந்தவர் காலியாகக் கிடக்கும் நாற்காலியில் உட்காரப் போகும்போது மெல்ல ஒரு கனைப்பு கேட்கும், அது அவர். ஜன்னலைத் திறக்கலாமா என்று கேட்டால், அது எத்தனை வருடமாக மூடியிருக்கிறது என்று துல்லியமாகச் சொல்வார். ஏன் மூடியிருக்கிறது என்று சொல்லமாட்டார். அவரிடம் மூன்று வாக்கியங்கள் உண்டு. முதலாவது, "வழக்கம்னு ஒண்ணு இருக்கு." அதற்கு மசியாதவர்களுக்கு, "நீங்க புதுசு, உங்களுக்குத் தெரியாது." ஆதாரம் கேட்கும் அளவுக்குத் துணிந்தவர்களுக்கு, "எல்லாம் பெட்டியில இருக்கு." பெட்டியின் சாவி அவர் இடுப்பில் தொங்கும்.

இந்த இனத்தில் நன்கு முற்றிய மாதிரி ஒன்றை அருகிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் கடல்சாரணர் படகுக் கொட்டகைக்கு வாருங்கள். கடல்சாரணர் என்றால் பயந்துவிட வேண்டாம். பதினொன்றிலிருந்து பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகள், வெள்ளைத் தொப்பியும் நீலக் கழுத்துத் துணியுமாக, சனி ஞாயிறுகளில் முடிச்சுப் போடவும் துடுப்பு வலிக்கவும் கற்றுக்கொள்ளும் குழு. அறுபது வருடங்களுக்கு முன்னால், துறைமுகத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டி ஓய்வுபெற்ற ஒருவர் தொடங்கியது. எல்லோருக்கும் அவர் கேப்டன்தான். இப்போது சுவரில் மீசையோடு தொங்குகிறார்.

நம் காவலருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் வழக்கம் மாமா. தொழில், மூக்குக்கண்ணாடிக் கடை. வாரத்தில் ஐந்து நாள் மற்றவர்கள் மூக்கில் கனமான இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இது தெளிவா?" என்று கேட்பார். மீதி இரண்டு நாள் கொட்டகையில். அங்கே எதையும் அவர் கேட்பதில்லை. எல்லாம் அவருக்குத் தெளிவு.

கொட்டகைக்குள் இடதுகால் வைத்துத்தான் நுழைய வேண்டும். தொப்பி மாட்டும் ஆணிகளில் மூன்றாவது ஆணி காலியாக இருக்க வேண்டும். மணியை இரண்டு முறை அடித்து, மூன்றாவது முறை அடிக்கப் போவதுபோல் ஓங்கி, அடிக்காமல் விட வேண்டும். படகை நீரில் இறக்கும்போது யாரும் 'மெதுவா' என்று சொல்லக் கூடாது. அதனால் இரண்டு பேர் கால்விரல் நசுங்கியிருக்கிறது. இவற்றுக்கெல்லாம் தலையாயது ஒன்று இருக்கிறது. இரண்டாம் மிதவை மரியாதை.

ஒவ்வொரு வருடமும் ஏழு குழுக்கள் சேர்ந்து நடத்தும் படகுப் போட்டி. மூன்று மிதவைகளைச் சுற்றிக்கொண்டு துறைக்குத் திரும்ப வேண்டும். மற்ற ஆறு குழுக்களும் அப்படித்தான் செய்கின்றன. நம் குழு, இரண்டாம் மிதவையின் அருகே வந்ததும், நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் படகில் துடுப்பு வலிப்பதை நிறுத்தி, ஆறு துடுப்புகளையும் வானத்தைப் பார்க்க நிமிர்த்தி, ஐந்து வரை எண்ணி, பிறகு இறக்கி வலிக்கும். அதற்குள் மற்றவர்கள் போய்ச் சேர்ந்து சட்டையைப் பிழிந்துகொண்டிருப்பார்கள். நாற்பத்தாறு வருடமாக நம் குழு வென்றதில்லை. வென்றதில்லை என்பதையே மாமா ஒரு தகுதியாகச் சொல்லுவார். "ஜெயிக்க யாரால வேணா முடியும். நிக்க யாரால முடியும்?"

எதற்காக நிற்கிறார்கள்? மாமாவிடம் விடை உண்டு. சொல்லப்போனால் மூன்று விடைகள். அந்த இடத்தில் ஒரு காலத்தில் மூழ்கிய கப்பலுக்கு அஞ்சலி, கேப்டனின் உயிரைக் காப்பாற்றிய ஒரு மாலுமிக்கு நன்றி, கடலுக்கே வணக்கம். மூன்றையும் ஒரே மாலையில் சொன்ன நாளும் உண்டு. கேட்டவர்கள் மூன்றுக்கும் தலையாட்டினார்கள்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அந்த மரியாதை நடந்த முதல் நாள் அவர் அந்தப் படகில் இருந்தார். வயது பதின்மூன்று. குழுவிலேயே ஒல்லியானவர் என்பதால் முன்முனைத் துடுப்பு. துடுப்பு வலிப்பவர்கள் படகு போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தானே உட்காருகிறார்கள்? அதனால் முன்முனையில் இருப்பவருக்குத் தெரிவதெல்லாம் மற்ற ஐந்து பேருடைய முதுகு மட்டுமே. இரண்டாம் மிதவை வந்தது. ஐந்து துடுப்புகள் திடீரென்று நிமிர்ந்தன. ஐந்து முதுகுகள் அசையாமல் நின்றன. பிறகு தோள்கள் மட்டும் குலுங்கத் தொடங்கின. அழுகிறார்கள் என்று அந்தச் சிறுவனுக்குப் புரிந்தது. தானும் துடுப்பை நிமிர்த்தி, ஒரு கையை எடுத்து சல்யூட் அடித்தான். கரைக்கு வந்ததும் மூத்த துடுப்புக்காரனிடம், "எதுக்கு அண்ணே நின்னோம்?" என்று கேட்டான். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கேப்டன் உத்தரவு. கேக்கக் கூடாது," என்றான். அன்றிலிருந்து அவன் கேட்கவில்லை. மற்றவர்களையும் கேட்க விடவில்லை.

அந்த மூத்த துடுப்புக்காரன்தான் பின்னாளில் அவருக்கு மச்சான் ஆனார். அது வேறு படகு. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

சிக்கல், அறுபதாம் ஆண்டு விழாவில் தொடங்கியது. விழாவுக்கு மலர் ஒன்று வெளியிட முடிவாயிற்று. குழுவின் வரலாற்றை எழுத மாமாவைத் தவிர வேறு யார்? நான்காம் அத்தியாயத்துக்கு அவர் வைத்த தலைப்பு 'இரண்டாம் மிதவை மரியாதை: தோற்றமும் தத்துவமும்'. தத்துவம் பதினொரு பக்கம் வந்துவிட்டது. தோற்றத்துக்கு இடம் விட்டு வைத்திருந்தார்.

அதே மாதம் போட்டியை நடத்தும் குழுவிடமிருந்து கடிதம் வந்தது. தொடர்ந்து மூன்று வருடம் கடைசியாக வரும் குழுவுக்கு நான்காம் வருடம் போட்டியில் இடமில்லை என்று புது விதி. நம் குழு ஏற்கெனவே இரண்டு வருடம் கடைசி.

பயிற்சியாளர் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாமாவிடம் வந்தாள். நகரப் பேருந்து ஓட்டும் பெண். காலை முறை முடித்துவிட்டு, காக்கிச் சட்டையின் கையை மடித்துவிட்டபடி நேரே கொட்டகைக்கு வருபவள்.

"மாமா, ரெண்டாம் மிதவையில எதுக்கு நிக்கிறோம்?"

"மரியாதைக்கு."

"யாருக்கு?"

"யாருக்குன்னு கேட்டா அது என்ன மரியாதை?"

"நான் ஒரு நாளைக்கு நாப்பது நிறுத்தத்துல வண்டிய நிறுத்துறேன் மாமா. ஏற ஆளில்லாம, இறங்க ஆளில்லாம ஒரு இடத்துலகூட நின்னதில்ல."

"நீ புதுசும்மா. உனக்குத் தெரியாது."

"நாலு வருஷம் ஆச்சு."

"அதத்தான் சொல்றேன்."

அவள் கோபப்படவில்லை. நெரிசலில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குக் கோபம் வேலைக்கு உதவாது என்று தெரியும். "சரி, பேசி வச்சுக்கலாம்," என்றாள். "கேப்டன் சொன்னதா எழுத்துல இருந்தா காட்டுங்க. ஞாயித்துக்கிழமை போட்டியில நிப்போம், கடைசியா வந்து பேர் போனாலும் பரவாயில்ல. இல்லேன்னா நிக்காமப் போறோம். வெள்ளிக்கிழமை கூடுதல் பயிற்சி இருக்கு, அதுக்குள்ள சொல்லுங்க."

"எல்லாம் பெட்டியில இருக்கு."

"அப்பத் திறங்க."

அந்தச் சொல்லை இதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை. பெட்டியைக் காப்பவர் ஒருநாள் அதைத் திறந்து பார்த்திருப்பார் என்றுதானே நீங்களும் நினைத்தீர்கள்? இல்லை. இந்த இனத்தின் முக்கியமான குணம் அதுதான். ஆவணத்தின்மேல் அவர்களுக்கு உள்ள மதிப்பு மிகப் பெரியது. அதைப் படித்துக் குறைத்துக்கொள்ள மாட்டார்கள்.

சாவி திரும்பவில்லை. மூக்குக்கண்ணாடித் திருகுகளுக்கு விடும் எண்ணெயைக் கொண்டுவந்து விட்டார். உள்ளே இறுகிக் கல்லான வார்னிஷ் டப்பா ஒன்று, ஒற்றைக் காலுறை, நான்கு விசில்கள், எட்டுப் பதிவேடுகள். பதிவேடுகளைத் துணிப்பையில் போட்டுக் கடைக்கு எடுத்துப் போனார். புதன்கிழமை மதியம். வாடிக்கையாளர் யாரும் இல்லை. எதிர்ச் சுவரில் பெரிதிலிருந்து சிறிதாகும் எழுத்துகள். கேப்டனின் உத்தரவைத் தேடி முதல் இரண்டு பதிவேடுகளைப் புரட்டினார். கேப்டன் நிறைய உத்தரவு போட்டிருந்தார். ஈரத் துணியைப் படகில் விடாதே. நகத்தை வெட்டு. மிதவையில் நிற்பது பற்றி ஒரு வரி இல்லை.

மூன்றாவது பதிவேட்டில் கையெழுத்து மாறியது. சாய்ந்து, முந்திக்கொண்டு ஓடும் எழுத்து. மச்சானுடையது. அந்தக் காலத்தில் மூத்த துடுப்புக்காரனே பதிவும் எழுதுவான்.

'போட்டி நாள். இரண்டாம் மிதவையில் முன்முனைக் குட்டி துடுப்பைத் தண்ணீரில் நழுவவிட்டான். அது படகோரமாகவே பின்னால் மிதந்து வந்தது. இடிக்காமல் இருக்க நாங்கள் ஐவரும் துடுப்பை நிமிர்த்தினோம். சுக்கான் பிடித்தவன் அதை எடுத்துக் கொடுத்தான். ஐந்து எண்ணும் நேரம் போயிற்று. அதனால் தோல்வி. குட்டி அழுதான்.'

மாமாவுக்கு அது நினைவிருந்தது. துடுப்பை நழுவவிட்டது, பன்னிரண்டு வயதில். யாரிடமும் சொல்லாத நினைவு. ஆனால் அது வேறு, மரியாதை வேறு. நாற்பத்தேழு வருடமாக இரண்டையும் அவர் தனித்தனி அலமாரியில் வைத்திருந்தார். ஒரு வருடம் தள்ளிப் புரட்டினார்.

'போட்டி நாள். பேசி வைத்தபடி இரண்டாம் மிதவையில் ஐவரும் துடுப்பை நிமிர்த்தி ஐந்து எண்ணினோம், போன வருட ஞாபகமாக. சிரிப்பை அடக்க முடியவில்லை. குட்டி இதைக் கிண்டல் என்று புரிந்துகொள்ளவில்லை. சல்யூட் அடித்தானாம், சுக்கான் பிடித்தவன் பார்த்திருக்கிறான். தீர்மானம்: அவனிடம் யாரும் சொல்லக் கூடாது.'

அதற்கும் அடுத்த வருடம் இரண்டே வரி. 'குட்டி இப்போது புதிய பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தருகிறான். என்ன செய்வதென்று தெரியவில்லை.'

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். அதே வரிதான் இருந்தது. கடையில் இருந்த வேறொரு கண்ணாடியை எடுத்துப் போட்டுப் பார்த்தார். இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

மச்சானுக்குத் தொலைபேசியில் அழைத்தார்.

"மச்சான், ரெண்டாம் மிதவை..."

"படிச்சிட்டியா?"

"கேப்டன் உத்தரவுன்னு சொன்னீங்களே."

"வேற என்னத்தச் சொல்ல? நீ கண்ணுல தண்ணியோட வந்து நிக்கிறே."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லலாம்னு இருந்தோம் மாப்ளே. அதுக்குள்ள உன்னப் படகுப் பசங்களுக்குத் தலைவனாக்கிட்டாங்க. தலைவன்கிட்டப் போயி எப்படிச் சொல்றது? அப்புறம் சொல்லலாம்னா என் தங்கச்சியக் கட்டிக்கிட்டே. வீட்டு மாப்பிள்ளையாயிட்டே."

"கல்யாணத்துக்கு வாசல்ல ஆறு துடுப்ப நிமித்திப் பிடிச்சு நின்னீங்களே. நான் அது நடுவுல நடந்து வந்தேனே."

தொலைபேசி லேசாகக் குலுங்குவதுபோல ஒரு சத்தம் வந்தது. இந்த முறை அது அழுகை இல்லை என்று மாமாவுக்குத் தெரிந்தது.

வீட்டுக்குப் போனபோது மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். பதிவேட்டை அவள் முன்னால் விரித்து வைத்தார். அவள் அதைப் பார்க்கவேயில்லை.

"அண்ணன் போன் பண்ணாரு," என்றாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"கல்யாணத்துக்கு முந்தின நாள்."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா எங்க அண்ணன்கூடச் சண்ட போட்டுட்டுப் போயிருப்பீங்க. நான் யாரக் கட்டிக்கிறது?" தலையணை உறையை நான்காக மடித்து அடுக்கினாள். "இப்ப என்ன செய்யப் போறீங்க?"

அதுதான் கேள்வி. பதிவேடு அவர் கையில். சாவி அவர் இடுப்பில். மச்சான் நாற்பத்தாறு வருடம் வாய் திறக்காதவர், இனியா திறப்பார்? கேப்டன் உத்தரவு அந்த மூன்றாம் பதிவேட்டில்தான் இருந்தது, அதைக் கரையான் அரித்துவிட்டது என்று சொல்லலாம், பயிற்சியாளரும் நம்பிவிடுவாள். வியாழக்கிழமை முழுவதும் அவர் அதைச் சொல்லிப் பார்த்தார். பல் துலக்கும்போது சொல்லிப் பார்த்தார். ஒரு வாடிக்கையாளரின் கண்ணைச் சோதித்துக்கொண்டே முணுமுணுத்ததில், அந்த மனிதர் பயந்துபோய், "கரையானா? எந்தக் கண்ணுல?" என்று கேட்டார். சொன்னால் மரியாதை தப்பிக்கும், பதினொரு பக்கத் தத்துவம் தப்பிக்கும், அவரும் தப்பிப்பார். குழுவின் பெயர் மட்டும் போட்டியிலிருந்து போகும். சொல்லாவிட்டால் பெயர் நிற்கும். அவர்தான் போவார்.

இம்மாதிரி மனிதர்களைப் புகழ அவசரப்படக் கூடாது. நம்மைப் போன்றவர்கள் புகழ்ந்து புகழ்ந்துதான் அவர்கள் இப்படி முற்றிப்போகிறார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை அவர் செய்ததை உள்ளபடி சொல்லியாக வேண்டும். கொட்டகைக்குள் நுழைந்தார், எந்தக் கால் என்று கவனிக்காமல். படகைச் சுற்றி நின்ற பிள்ளைகளையும் பயிற்சியாளரையும் உட்காரச் சொன்னார். மூன்றாம் பதிவேட்டைத் திறந்து, மூன்று பதிவுகளையும் ஒரு சொல் விடாமல் படித்தார். 'குட்டி' என்று வந்த இடத்தில் தன் மார்பைத் தொட்டுக் காட்டினார். ஒருமுறைகூடக் கனைக்கவில்லை.

முதலில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு முன்முனைத் துடுப்பு வலிக்கும் பெண், குழுவிலேயே ஒல்லியானவள், கையைத் தூக்கினாள்.

"அப்போ நாங்க இத்தன வருஷமா உங்களத்தான் கிண்டல் பண்ணிட்டு இருந்தோமா மாமா?"

"ஆமா."

"எங்களுக்கே தெரியாமயா?"

"தெரியாமப் பண்ணாத்தாம்மா அதுக்கு வழக்கம்னு பேரு."

அதற்குப் பிறகு சிரித்தார்கள். கொட்டகையே அதிர்ந்தது. எட்டுப் பேருடைய தோள்கள் குலுங்கின. இந்த முறை அவர் அவர்களுடைய முகத்துக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். முகத்தைப் பார்த்தால் அது அவ்வளவு மோசமாக இல்லை என்று கண்டார்.

"ஞாயித்துக்கிழமை நிக்க வேணாம்," என்றார். பேருந்து ஓட்டுநர் தலையை மட்டும் அசைத்தாள். வண்டி ஓட்டத்தில் எதிரே வருபவர் வழிவிட்டால் அசைப்பார்களே, அதுபோல.

ஞாயிற்றுக்கிழமை லேசான தூறல். துறையின் மரப்பாலத்தில் பெற்றோர்கள் குடைகளோடு நின்றார்கள். முதல் மிதவையில் நம் படகு ஐந்தாவது. இரண்டாம் மிதவை நெருங்கியது. மாமா மடக்கிய குடையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். படகில் துடுப்புகள் நீரை விட்டு எழுந்து, திரும்ப நீருக்குள் போயின. நிற்கவில்லை. ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. மிதவை தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பக்கத்தில் நின்ற மனைவி அவர் முழங்கையை இடித்தாள். மாமாவின் குடை வானத்தைப் பார்க்க நிமிர்ந்திருந்தது. உதடுகள் மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டிருந்தன. தலையில் தூறல் விழுந்தது.

"என்னங்க இது?"

"கை," என்றார் அவர். "அதுவாப் போயிடுச்சு." ஐந்து எண்ணிவிட்டுத்தான் இறக்கினார்.

நம் குழு நான்காவதாக வந்தது. பெயர் நின்றது. படகிலிருந்து இறங்கியவர்கள் முதலில் ஓடி வந்தது மாமாவிடம்தான். கரையில் ஒற்றைக் குடை நிமிர்ந்து நின்றதைச் சுக்கான் பிடித்தவன் பார்த்துச் சொல்லியிருந்தான்.

விழா மலர் வெளிவந்தது. நான்காம் அத்தியாயத்தில் தத்துவம் இல்லை. தோற்றம் மட்டும் ஒன்றரைப் பக்கம், உள்ளது உள்ளபடி, அவர் பெயரோடும் நழுவிய துடுப்போடும். முந்நூறு பிரதிகள். எல்லோரும் ஒன்று வாங்கி, தங்கள் புகைப்படம் இருக்கும் பக்கத்தைப் பார்த்துவிட்டு வீட்டில் வைத்தார்கள். மீதி கொட்டகையில் பெட்டிக்குள் போயிற்று.

அடுத்த வருடப் போட்டி. வெயில் நாள். இரண்டாம் மிதவை வந்ததும் பாலத்தில் நின்ற இருபது பெற்றோர்கள் குடையை நிமிர்த்தினார்கள். வெயிலுக்கு யாரும் அதை விரிக்கவில்லை, நிமிர்த்துவதற்கென்றே கொண்டுவந்திருந்தார்கள். புதிதாகப் பிள்ளையைச் சேர்த்திருந்த ஒரு தாய், பக்கத்தில் நின்ற இன்னொரு பிள்ளையின் தந்தையான தச்சரிடம் மெல்லக் கேட்டாள்.

"இது எதுக்குங்க?"

"நீங்க புதுசு, உங்களுக்குத் தெரியாது," என்றார் தச்சர். "கேப்டன் காலத்துலேருந்து இப்படித்தான்."

இரண்டு பேருக்குப் பின்னால் மாமா நின்றிருந்தார். அவர் காதில் விழுந்தது. திருத்துவதற்காக வாயைத் திறந்தார். திறந்ததை அவர் மனைவி பார்த்தாள், அவள் சாட்சி. எல்லாம் பெட்டியில் இருக்கிறது, அச்சிலேயே இருக்கிறது, போய்ப் படியுங்கள் என்று சொல்லத்தான் திறந்தார். அப்போது தச்சரின் குடை அவர் கண்ணில் பட்டது. ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

மெல்ல ஒரு கனைப்பு கேட்டது.

"இன்னும் கொஞ்சம் நிமித்திப் பிடிங்க," என்றார் மாமா.

இதைப் படித்துச் சிரித்தீர்கள். நல்லது. உங்கள் அலுவலகத்தில் நீங்கள் அறைக்குள் நுழைந்ததும் பேச்சு சட்டென்று நின்றுவிடுகிறதா? சாப்பாட்டு மேசையில் நீங்கள் முதல் கவளம் எடுக்கும்வரை உங்கள் மைத்துனர்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார்களா? அது மரியாதையாகவே இருக்கலாம். எதற்கும் அடுத்த முறை, அவர்கள் தோள்களைக் கொஞ்சம் கவனியுங்கள்.